விலை எழுத இடமில்லாத நோட்டு

என்னிடம் பதினோரு கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன. பத்துக்கு உரிய விலை கொடுத்தேன். பதினோராவதை, கணவரை இழந்து தனியாக இருந்த எண்பத்து நாலு வயது அம்மாவிடமிருந்து ஏமாற்றி வாங்கினேன். அவர் கேட்டதைவிட நூறு டாலர் கூடக் கொடுத்துதான் ஏமாற்றினேன். நடந்தது 2013-ல். போன மாதம் வரை யாரிடமும் சொன்னதில்லை.

ஹூஸ்டனுக்குத் தெற்கே, பேர்லண்ட் மீனாட்சி கோயிலிலிருந்து பத்து நிமிடத்தில் வீடு. எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அப்பா கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். இரும்புச் சுருள் உதிரும் சத்தத்தில் வளர்ந்தவன் நான். விரல் நுனியால் தடவியே ஒரு பரப்பு மில்லிங்கா கிரைண்டிங்கா என்று சொல்ல அப்பா பழக்கியிருந்தார். துப்பாக்கி மேல் எனக்கு வந்த பிரியம் அந்த விரலிலிருந்து வந்தது. சுடும் ஆசை அதிகம் இருந்ததில்லை. கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்கள் வருவதற்கு முன்னால், கையால் சக்கரம் சுற்றி இவ்வளவு நுணுக்கமாக வெட்டினார்களே என்ற பிரமிப்புதான்.

எச்-1பி விசாவில் இருந்தவரை வாங்க வழியில்லை. வேட்டை உரிமம் மாதிரி ஏதாவது விலக்கு இருந்தாலொழிய, அந்த விசாக்காரர் இங்கே துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கிரீன் கார்டு வந்த வருடம் முதல் ரிவால்வரை வாங்கினேன். பிறகு, பழைய துப்பாக்கி சேகரிப்போருக்கென்று மத்திய அரசு தரும் உரிமத்தை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு 30 டாலர். அது இருந்தால், ஐம்பது வருடம் கடந்த துப்பாக்கியை வெளி மாநிலத்திலிருந்தும் வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒரு நோட்டுப் போட்டு எழுதி வர வேண்டும். செய்த கம்பெனி, மாடல், வரிசை எண், தோட்டா அளவு, வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது, பிறகு யாருக்குப் போனது. எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. என்ன விலைக்கு வாங்கினோம் என்பதற்குக் கட்டம் இல்லை. அரசுக்கு அது தேவையில்லை.

இந்தப் பழக்கத்தின் சுகம் வாங்குவதில் இல்லை, அடுத்தது எது என்று யோசிப்பதில் இருக்கிறது. அந்த வருடம் மூன்று என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. 1955-ல் வந்த கோல்ட் பைத்தான், கண்ணாடி மாதிரி மெருகேற்றிய நீலத்தோடு. முதல் உலகப் போர்க் காலத்து வெப்லி மார்க் சிக்ஸ், நடுவில் மடித்தால் ஆறு காலித் தோட்டாக்களையும் ஒரே தள்ளலில் வெளியே துப்புவது. மூன்றாவது ஜெர்மன் லூகர். பைத்தான் விலை கைக்கு மீறியது. அமெரிக்காவுக்கு வந்த வெப்லிகள் பலவற்றில், .45 தோட்டா போடுவதற்காக உருளையின் பின்புறத்தைச் சீவிவிட்டிருப்பார்கள். சீவாதது கிடைப்பது கஷ்டம். லூகரில் வேறு சிக்கல். நாலு மாதம், ராத்திரி ஒரு மணி வரை படித்தேன். குறிப்பெடுத்தேன். "இன்னும் தூங்கலையா?" என்று மனைவி கதவருகே வந்து நிற்பாள். அவளிடம் ஏற்கெனவே மூன்று முறை "இதுதான் கடைசி" என்று சொல்லியிருந்தேன்.

லூகரின் சிக்கல் எண்கள். துப்பாக்கியின் முழு வரிசை எண்ணை உடலிலும் குழலின் அடியிலும் அடித்திருப்பார்கள். அதன் கடைசி இரண்டு இலக்கங்களைச் சின்னச் சின்னப் பாகங்களில்கூட அடித்திருப்பார்கள். அத்தனையும் ஒத்திருந்தால் ஒரு விலை. ஒரே ஒரு பாகம் மாறியிருந்தாலும் விலை பாதிக்கு வந்துவிடும். சுடுவதில் எந்த வித்தியாசமும் தெரியாது. இந்த உலகமே இப்படித்தான். 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஜான் பிரௌனிங்கின் .45 பிஸ்டலை இரண்டாம் உலகப் போரின்போது பல கம்பெனிகள் செய்தன. டைப்ரைட்டர் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்ட் லட்சக்கணக்கில் செய்தது. நம் வீடுகளில் தையல் மெஷினாக இருந்த அதே சிங்கர், 500 மட்டும் செய்தது. இரண்டும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை. ஆனால் சிங்கர் பெயர் பொறித்தது ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது. இரும்புக்கு விலை இல்லை, அதைப் பற்றித் தெரிந்திருப்பதற்குத்தான் விலை. அந்தத் தெரிதலைத்தான் நாலு மாதம் நான் சேர்த்து வைத்திருந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் இருந்தார் அந்த அம்மா. முந்தைய வருடம் கணவர் போய்விட்டார். 1945-ல் இருபது வயதில் ஜெர்மனியில் இருந்த சிப்பாய் அவர். ஜூன் மாதம், நான் நடைக்குப் போகும்போது அந்த அம்மா கூப்பிட்டார். "உங்களுக்குத் துப்பாக்கி பற்றித் தெரியும் என்று என் கணவர் சொல்வார். மூன்று இருக்கின்றன. வீட்டில் வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள், நியாயமாக ஏதாவது கொடுங்கள்" என்றார்.

உள்ளே போனேன். வீடு புழுங்கியது. கூடத்தின் நடுவில் ஒரு மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஏசி போய் மூன்று வாரம் ஆயிற்று, முழுவதையும் மாற்றினால் பல ஆயிரம் ஆகும் என்கிறார்கள் என்று அவராகவே சொன்னார். இதை மறைக்காமல் எழுதுகிறேன்: துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அது தெரியும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு துவாலையை விரித்து வைத்திருந்தார். தேய்ந்துபோன ஒரு கோல்ட் போலீஸ் ரிவால்வர். ஒரு .22 பிஸ்டல். மூன்றாவது, கறுத்துப்போன தோல் உறைக்குள் லூகர்.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு புரட்டினேன். மேல் மூட்டில் 42 என்ற எண். மாவுசர் தொழிற்சாலையின் ரகசியக் குறி அது. அறையின் மேல் 1939. லூகரின் அந்த மூட்டு நம் முழங்கால் மாதிரி. நேராக இருக்கும்போது பூட்டி நிற்கும், சுட்டதும் மேலே மடங்கித் திறக்கும். பக்கத் தகட்டில் இரண்டு இலக்கம். மூட்டில் அதே இலக்கம். விசையில் அதே. குழலின் அடியில் முழு எண், அதன் கீழே 8,82 என்று குழலின் உள்விட்டம். எழுபத்து நாலு வருடத்துக்கு முன் எவனோ ஒரு தொழிலாளி அளந்து அடித்த எண். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. உறையின் பக்கப் பையில் இரண்டாவது மேகசின். அதன் அலுமினிய அடியில் அதே வரிசை எண், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. இரண்டாவது மேகசினுக்கு அப்படித்தான் அடிப்பார்கள். துப்பாக்கியோடு பிறந்த இரண்டு மேகசின்களும் இத்தனை வருடம் பிரியாமல் இருப்பது அபூர்வம். உறைக்குப் பின்னால் நாலாக மடித்த தாள் ஒன்று. இந்தப் பொருளை ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று படைப்பிரிவு அதிகாரி 1945-ல் கையெழுத்துப் போட்ட சான்று, இதே எண்ணோடு.

மூவாயிரத்துக்குக் குறையாது. நிதானமாக ஏலத்துக்கு விட்டால் அதற்கு மேலும் போகும். அது எனக்கு அந்த நிமிடமே தெரியும்.

அதற்கப்புறம் நான் செய்ததைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். லூகரைக் கீழே வைத்தேன், சற்று அலட்சியமாக. கோல்ட் ரிவால்வரை எடுத்து நெடுநேரம் பார்த்தேன். "இது நல்ல துப்பாக்கி" என்றேன். எதை எடுப்பது என்று தவிப்பவன் போல ஒன்றை எடுத்து, இன்னொன்றை வைத்து, மறுபடி எடுத்தேன். நாலு மாதம் உண்மையிலேயே தவித்திருந்ததால் அந்த நடிப்பு எனக்குச் சுலபமாக வந்தது. லூகரின் குழல் நுனியைக் காட்டி, இங்கே நீலம் தேய்ந்திருக்கிறது பாருங்கள் என்றேன். உறைக்குள் போய் வந்து தேய்ந்தது அது. போலி மெருகு ஏறாததற்கு அடையாளம், சேகரிப்போர் விரும்பித் தேடுவது. அதைக் குறையாகச் சொன்னேன். "சிப்பாய்கள் நிறையப் பேர் இதைக் கொண்டுவந்தார்கள். அதனால் பெரிய அபூர்வம் என்று சொல்ல முடியாது" என்றேன். அது பொய்யில்லை. நான் அன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மைகளைப் பொறுக்கி எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். அதனால்தான் இத்தனை வருடம் என்னால் தூங்க முடிந்தது.

"அது கொஞ்சம் விலை போகும் என்று அவர் சொல்வாரே" என்றார் அந்த அம்மா, தயக்கத்தோடு. நான் பதில் சொல்லவில்லை. லேசாகத் தலையை ஆட்டினேன். அவரே இறங்கி வந்தார். "நானூறு கேட்டால் அதிகமா?"

ஐந்நூறு கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. காகிதத்தட்டில் பீக்கன் பை ஒரு துண்டு சுற்றிக் கொடுத்தார். அன்றிரவே நோட்டில் எழுதினேன். மாவுசர், பி-08, 9 மி.மீ., வரிசை எண், தேதி, அவர் பெயர், விலாசம். எல்லாக் கட்டமும் நிறைந்தது. டெக்சாஸில் ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவருக்குள் நடக்கும் தனி விற்பனை அது. சட்டப்படி துளி குற்றமில்லை.

அடுத்த வாரம் அவர் வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் சின்ன ஏசிப் பெட்டி ஒன்று முளைத்தது. அந்தக் கோடை முழுக்க அவர் அந்த ஒரே அறைக்குள் இருந்தார். மற்ற ஜன்னல்களில் அட்டையை ஒட்டி வெயிலை மறைத்திருந்தார். தினம் சாயங்காலம் நான் அந்த வழியாகத்தான் நடந்தேன். ஜூலை கடைசியில் பாதையை மாற்றிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் என் அம்மாவின் தோடு ஞாபகம் வரும். 1989-ல் என் காலேஜ் கட்டணத்துக்காக, பாட்டி வழியில் வந்த பர்மா கெம்புத் தோட்டைப் பெரிய கடை வீதியில் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் கண்ணில் லென்ஸை வைத்துக் கல்லைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு, "கல்லுக்கு விலை இல்லைங்கம்மா, தங்கத்துக்கு மட்டுந்தான்" என்றார். "எங்கம்மா குடுத்ததுங்க, நல்ல கல்லுதானுங்க?" என்று அம்மா கேட்டார். அவர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது, அவர் அவ்வளவு நேரம் என்ன பார்த்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த மனிதரை முப்பது வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஹூஸ்டன் சாப்பாட்டு மேசையில் நான் குனிந்திருந்தபோது, என் முகம் அவர் முகமாகத்தான் இருந்திருக்கும்.

திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். 2014-ல் ஒரு தடவை செக் எழுதி எடுத்துக்கொண்டு அவர் வாசல் வரை போனேன். மணியை அடிக்கவில்லை. என்ன சொல்லி நீட்டுவது? இவ்வளவு தெரிந்தவன் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டால்? அதற்கடுத்த வருடம் மகன் வந்து ஓஹையோவுக்கு அழைத்துப் போய்விட்டார். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

போன மாதம் சேகரிப்பை இன்ஷூரன்ஸ் செய்யலாம் என்று மகள் சொல்லி, அவளே படிவத்தை அடித்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அதில் விலைக்குக் கட்டம் இருந்தது: வாங்கிய விலை, இன்றைய விலை, பக்கத்துப் பக்கத்தில். பதினோராவது வரிசையில் அவள் நிறுத்தினாள். "அப்பா, இது எப்படி இவ்வளவு சீப்பா கிடைச்சுது?" நான் ஏதோ சொன்னேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு என் குரல் தெரியும்.

அன்றிரவு அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்த வெயில்ல ஒத்த ரூம்ல இருந்தாங்களேங்க" என்றாள். பிறகு, "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

அந்த அம்மாவின் மகனுடைய எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். அந்த அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் பேர் சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. அம்மா உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கேட்டதற்கு மேல் நூறு டாலர் கொடுத்த பக்கத்து வீட்டு இந்தியர் நீங்கள்தானே என்றார். நன்றி சொன்னார். ஆமாம் என்றேன். உடல்நலம் விசாரித்தேன். வைத்துவிட்டேன்.

இரண்டாவது தடவையும் நான் சொல்லவில்லை. இப்போது தமிழில் எழுதுகிறேன்; அவருக்குத் தெரியாத மொழியில் ஒப்புக்கொள்வதும் ஒருவகை ஒளிதல்தான் என்பது எனக்குத் தெரிகிறது.

முதலில் பணம் அனுப்பலாம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், பணத்தைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை நிம்மதியாக வைத்துக்கொள்ளும் ஆசைதான் அதற்குள் இருந்தது. அவருடைய அப்பா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பொருள் அது, அந்தத் தாளோடு சேர்த்து. இரண்டும் அவரிடம் போக வேண்டும். வெளி மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒருவருக்கு நேரடியாக அனுப்பச் சட்டம் இடம் தராது. ஓஹையோவில் உரிமம் பெற்ற ஒரு கடைக்கு அனுப்ப வேண்டும். அவர் அங்கே போய்ப் படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகு வாங்கிக்கொள்வார். என் நோட்டில், யாருக்குப் போனது என்ற கட்டத்தில் அந்தக் கடையின் உரிம எண்ணை எழுத வேண்டும்.

உறையையும் இரண்டு மேகசின்களையும் தாளையும் ஒரே பெட்டிக்குள் வைத்தாயிற்று. எந்தக் கடைக்கு அனுப்பட்டும் என்று அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால், எதற்கு என்பார்.