நாலு எழுத்துச் சொல்

தமிழில் உச்சரிப்பதற்கு மிகவும் கடினமானது ழகரம் என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி வரும் நமக்கு இந்த விஷயத்தில் வேறு அபிப்பிராயம் உண்டு. ழகரத்தை ஒரு மாதம் விடாமல் பழகினால் எந்தப் பையனும் சொல்லி விடுவான். ஆனால் நாலே எழுத்துள்ள ஒரு சொல் இருக்கிறது. நன்றாகப் படித்தவர்களுக்கும், பெரிய உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும், கடை வாசலில் கழுத்துப் பட்டை கட்டிக் கொண்டு நிற்பவர்களுக்கும் கூட அது நாவில் வருவதில்லை. அந்தச் சொல் "தெரியாது" என்பதுதான்.

புதிய ஊரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்டவர் அந்தத் தெருவின் பெயரை அன்றுதான் முதன் முதலாகக் கேள்விப்பட்டிருப்பார். அதனால் என்ன? சற்று யோசிப்பது போல் புருவத்தை நெறித்து, "நேரே போய் இடது கைப் பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லி விடுவார். "தெரியாது" என்று சொல்வதைக் காட்டிலும் நம்மை இரண்டு மைல் வீணாக நடக்க வைப்பது அவருக்கு மரியாதையாகத் தோன்றுகிறது. வழி சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சுகமாகப் படுத்துக் கொள்வார். கால் வலிப்பது கேட்டவருக்குத்தான்.

சென்ற கோடையில் வெப்பம் தாங்காமல் ஒரு ஏ.ஸி. வாங்கி விடுவதென்று தீர்மானித்து, குடும்ப சகிதமாக ஒரு கடைக்குச் சென்றோம். அங்கே ஓர் இளைஞர் மிகவும் உபசாரமாக வரவேற்றார். ஒரு பெட்டியைக் காட்டி, "இது ஒன்றரை டன், ஸார்" என்றார். டன் என்றால் என்ன என்று கேட்டோம்.

"பெட்டியின் வெயிட், ஸார்" என்றார் ஒரு வினாடி கூடத் தயங்காமல்.

நம் புதல்வி கல்லூரியில் படிக்கிறவள். "ஒன்றரை டன்னைச் சுவரில் மாட்டினால் சுவர் விழுந்து விடாதா?" என்றாள்.

"அந்த வெயிட் இல்லை, பாப்பா. இது கம்ப்ரஸருடைய கெப்பாசிட்டி வெயிட்" என்றார் அவர். இதற்கு என்ன அர்த்தமென்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அதைச் சொன்ன தோரணை என்னவோ கம்பீரமாக இருந்தது!

உண்மையில் அந்த டன் பெட்டியின் எடையைக் குறிப்பதன்று. இயந்திரங்கள் வருவதற்கு முன்னால் பனிக்கட்டியைக் கொண்டு குளிர்ச்சி உண்டாக்கிய காலத்திலிருந்து வந்த அளவு அது. சென்னைக் கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைப்பதற்காக 1842-இல் கட்டப்பட்டதல்லவா? அந்தக் காலத்து வாசனை இந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. 2000 ராத்தல், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக் கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் சக்திக்கு ஒரு டன் என்று பெயர். இன்றைய கணக்கில் அது சுமார் 3.5 கிலோவாட்.

போகட்டும், பெட்டி விற்கிறவருக்குப் பௌதிக சாஸ்திரம் தெரிய வேண்டுமென்ற கட்டாயமில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஐந்து நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டோம். "ஐந்து வருஷம் ரிப்பேரே வராது என்று அர்த்தம், ஸார்" என்றார். நட்சத்திரங்களுக்கும் ரிப்பேருக்கும் சம்பந்தமே கிடையாது. மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுவதற்காக மத்திய அரசாங்கத்தின் எரிசக்தித் திறன் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய அடையாளம் அது. 1600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் செலவாகும் என்பது முதற்கொண்டு அந்தச் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். விடை பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்க, அதைப் படித்துப் பார்க்காமல் ஆகாயத்திலிருந்து ஒரு விடையைப் பறித்துக் கொடுத்தார் அந்த இளைஞர்!

இது சிரித்து விட்டுப் போகக் கூடிய விஷயம். அடுத்தது அப்படிப்பட்டதன்று.

நம் தமக்கையாருக்கு ஆறு வருஷத்துக்கு முன் இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். உலோக வால்வு வைத்தவர்கள் இரத்தம் உறைந்து போகாமலிருப்பதற்காக வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். ஒரு நாள் அவருக்கு முழங்கால் வலி அதிகமாயிற்று. தெருக்கோடி மருந்துக் கடைக்குப் போனார். படிப்பு அதிகமில்லாவிட்டாலும் எச்சரிக்கை மிகுந்தவர். ஆகையால், "தம்பி, நான் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள். இந்த வலி மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இதைக் காட்டிலும் தெளிவாக ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. கடையின் சுவரில் மருந்தாளுநர் ஒருவருடைய பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக் கொண்டிருந்தது. சான்றிதழுக்கு உரியவர்தான் அங்கே இல்லை. பதிவு பெற்ற மருந்தாளுநரே மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துப் பார்மஸி சட்டம் சொல்கிறது. அன்று கொடுத்தவனோ கணக்கு எழுதும் பையன். அவன், "தாராளமாகச் சாப்பிடலாம், அம்மா. எல்லாரும் சாப்பிடுகிற மாத்திரைதான், ஒன்றும் செய்யாது" என்றான்.

ஐந்தாம் நாள் தமக்கையார் மயங்கி விழுந்தார். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, நாலு நாள் கழித்துத்தான் அபாயம் நீங்கிற்று என்று சொன்னார்கள். அந்த வகை வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக் கூடியவை. உறையாத இரத்தமும் அதனுடன் சேர்ந்தால் கசிவு நிற்காது என்று அங்கிருந்த டாக்டரம்மாள் விளக்கினார். மருத்துவம் படித்தவர்களுக்கு இது பால பாடம்.

அந்தப் பையனை நாம் துஷ்டன் என்று சொல்ல மாட்டோம். கெடுதல் செய்யும் என்று தெரிந்திருந்தால் அவன் நிச்சயமாகக் கொடுத்திருக்க மாட்டான். தமக்கையார் வீடு திரும்பியபோது, "இப்போது எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று உள்ளன்போடு விசாரித்தவனும் அவனே. அவன் உயிருக்கு உலை வைத்தது வஞ்சகத்தினால் அன்று. "தெரியாது" என்ற சொல் வாயில் வராத ஒரே காரணத்தினால். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு என்ன நஷ்டமாகியிருக்கும்? ஓர் அட்டை மாத்திரை விற்காமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

பின் ஏன் அந்தச் சொல் வருவதில்லை? சம்பளம் கொடுக்கிறவர் இத்தனை விற்க வேண்டுமென்று கணக்கு வைத்திருக்கிறார் என்பது ஒரு காரணம். இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர், முழுவதும் படித்துப் பார்த்திராத பாலிஸியைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதை வாசகர்கள் கேட்டிருக்கலாம். பாலிஸி கைக்கு வந்து 30 நாட்களுக்குள், நிபந்தனைகள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்து விடலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதி செய்திருக்கிறது. ஏஜெண்டின் பேச்சு வேறு, பத்திரம் வேறு என்பது அரசாங்கத்துக்கே தெரிந்த இரகசியம் போலும்!

ஆனால் பழி முழுவதையும் விற்கிறவர் தலையில் போட்டு விடுவது நியாயமன்று. வாங்குகிற குடும்பத்தார் என்ன செய்கிறார்கள்? "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்கிற கடைக்காரரை விட்டு, எல்லாம் தெரிந்தது போல் அளக்கிறவருடைய கடைக்குப் போகிறார்கள். "இன்ன வியாதி என்று இன்னும் நிச்சயமில்லை, பரிசோதனை செய்து பார்ப்போம்" என்கிற வைத்தியரைப் பற்றி, "அவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று தெரு முழுவதும் சொல்லி விடுகிறார்கள். நாடி பிடித்த மறு நிமிஷம் வியாதிக்குப் பெயர் வைத்து விடுகிறவர் தன்வந்திரியின் அவதாரமாகி விடுகிறார். கேட்கிறவர்கள் விரும்புவதைத்தான் சந்தையில் கொண்டு வந்து விற்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. "எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதே, ஏதாவது எழுதி வைத்து விட்டு வா" என்பது பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் செய்யப்படும் உபதேசம். அந்த "ஏதாவது" பத்து வருஷம் கழித்துக் கடையில் வந்து நிற்கிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறைந்து விடும். எழுதாமல் விட்டால் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. தப்பான விடையைக் காட்டிலும் "தெரியாது" என்பது மேலானது என்று அங்கே கணக்கே சொல்லிக் கொடுக்கிறது.

நாம் வசிப்பது கும்பகோணத்தில். இந்த ஊர்க் கல்லூரியில் 1880-ஆம் ஆண்டில் இருபத்தைந்து வயதுத் தமிழாசிரியர் ஒருவர் புதிதாக வேலைக்கு வந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஊருக்கு முன்ஸீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரை என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, அந்தாதி, கோவை, புராணம் என்று பெரிய பட்டியலை ஒப்பித்தார். "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்பது அடுத்த கேள்வி. நாலு வார்த்தை பொதுவாகப் பேசிச் சமாளித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், புத்தகம் கிடைக்கவில்லை, படித்ததில்லை என்று ஒப்புக் கொண்டார். பிறகு சுவடியைப் பெற்று வாசிக்கத் தொடங்கியபோது, அந்தச் சமண நூலில் விளங்காத இடங்களை ஊரிலிருந்த சமணர்களின் வீட்டுக்கே சென்று கேட்டுத் தெரிந்து கொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. அந்தப் புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை. கிடைக்காததை இட்டு நிரப்பாமல் இல்லையென்றே விட்டு வைத்தார். அவர்தாம் உ.வே.சாமிநாதையர் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு வாத்தியாரால் தமிழுக்குக் கிடைத்த செல்வம் அது.

தமக்கையார் இப்போது ஒரு மைல் நடந்து வேறு கடைக்குப் போகிறார். முதல் நாள் அங்கிருந்த முதிய மருந்தாளுநர் சீட்டைப் பார்த்து, "இந்த இரண்டும் ஒத்துக் கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது, அம்மா. உங்கள் டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன், உட்காருங்கள்" என்றாராம்.

இப்படிச் சொல்கிறவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இரண்டொருவர் இருக்கிறார்கள். அவர்களுடைய கடையில் விலை ஓர் அணா கூடுதலாயிருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்; அந்த வைத்தியரையே நாடுங்கள். "நீங்கள் சொல்வது எதில் எழுதியிருக்கிறது, காட்ட முடியுமா?" என்று மற்றவர்களைக் கேளுங்கள். உங்கள் குழந்தை ஏதாவது கேட்கும்போது விடை தெரியாவிட்டால், அந்த நாலு எழுத்தையும் வாய் விட்டுச் சொல்லி, பிறகு சேர்ந்து தேடிப் பாருங்கள். ழகரத்தைப் போல இதுவும் பழகப் பழகத்தான் வரும்.