கண்களை மூடினால் தள்ளாடுகிறேன்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபோது, எங்கள் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "ஐயா, இன்றைக்கு நீங்கள் ஜெபிக்கும்போது ஆவியானவர் உங்களை அசைத்ததைக் கண்ணாரக் கண்டேன்" என்று கண்ணீரோடு கூறினார். நான் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் புன்னகை செய்துவிட்டு நகர்ந்தேன்.

உண்மை வேறு. கண்களை மூடிக் கைகளை உயர்த்தி நின்றால் என் சரீரம் தள்ளாடும். என் பாதங்கள் தரையில் எங்கே இருக்கின்றன என்பதை மூளைக்கு அறிவிக்கிற நரம்புப் பாதை பழுதுபட்டிருக்கிறது. கண்கள் திறந்திருக்கும்வரை பார்வை அந்தக் குறையை ஈடுசெய்யும். மூடிவிட்டால் ஈடுசெய்ய ஒன்றுமில்லை. இதை அறிவதற்கென்றே மருத்துவர்கள் நோயாளியைக் கண்மூடி நிற்கச் சொல்வார்கள். அந்தச் சகோதரர் அபிஷேகம் என்று கண்டது என் தண்டுவடத்தின் காயத்தையே. அன்று அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாமற்போனதால் நேர்ந்தது என்ன என்பதை மறைக்காமல் எழுதவே இந்தக் கட்டுரை.

விழுந்த நாள்

எங்கள் ஜெபவீடு ஸ்ரீராம்புரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் மாடியில், தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. மில் வேலைக்கென்று வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், கட்டட வேலைக்கு நேற்று வந்து இறங்கியவர்களும் ஒரே பாயில் அமர்ந்து ஆராதிக்கிற இடம் அது. 2015ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. தார்ப்பாய் போடலாம் என்று ஏணியில் ஏறினேன். ஏணி வழுக்கியது. என் நெற்றி மதிற்சுவரில் மோதி, கழுத்து பின்னுக்கு மடிந்தது. தரையில் கிடந்தபோது வலி இல்லை. கைகளும் இல்லை, கால்களும் இல்லை என்பதுபோல் இருந்தது.

சபை வாலிபர்கள் பதறி ஓடிவந்து, தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்காரவைத்து அழைத்துச் சென்றார்கள். அன்பினால் செய்தார்கள். ஆனாலும் அப்படிச் செய்யக்கூடாது என்பதைப் பின்னரே அறிந்தோம். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை அசைக்காமல், தலையும் கழுத்தும் நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, 108 ஆம்புலன்ஸை அழைத்து, பலகையில் கிடத்தியே கொண்டுபோகவேண்டும்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. என் கழுத்தெலும்பில் எனக்கே தெரியாமல் தேய்மானம் இருந்ததாம். அதனால் ஏற்கெனவே குறுகியிருந்த பாதையில் தண்டுவடம் நசுங்கிவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். தண்டுவடம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள நரம்புக் கற்றை. அதன் நடுப்பகுதி காயப்பட்டால் கால்களைவிடக் கைகளே அதிகம் பாதிக்கப்படும். குணமாகும்போது முதலில் கால்கள், பிறகு சிறுநீர்ப்பை, பிறகு கைகள், கடைசியாக விரல்கள் என்பதே பெரும்பாலும் அதன் ஒழுங்கு. எனக்கும் அப்படியே நடந்தது. ஒன்பதாம் வாரம் எழுந்து நடந்தேன். விரல்கள் மட்டும் அந்த வரிசையின் கடைசியிலேயே நின்றுவிட்டன.

சாட்சி சொன்ன நாள்

நடந்துவந்த போதகனைக் கண்ட சபை ஆனந்தக் கூத்தாடியது. ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி அழைத்தார்கள். "கழுத்துக்குக் கீழே செயலற்றுக் கிடந்தேன், இன்று பூரண சுகத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்" என்றேன். முதற்பாதி உண்மை. பிற்பாதியில் "பூரண" என்ற வார்த்தை உண்மையல்ல. ஜனங்களின் ஆரவாரத்தில் அந்த வார்த்தை தானாகவே என் வாயில் வந்து அமர்ந்தது.

அதோடு நிற்கவில்லை. பூரண சுகம் என்று சொன்னவன் மாத்திரை விழுங்குவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் வந்தது. தசை இறுக்கத்திற்கு அளிக்கப்பட்ட பாக்லோஃபென் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் இரவு கால்கள் இரண்டும் மரக்கட்டைபோல விறைத்து உதற, குளியலறை வாசலில் விழுந்தேன். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும், மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும் என்று மருத்துவமனையில் கண்டித்தார்கள். என் மனைவி கண்டிக்கவில்லை. "ஆண்டவருக்கு உங்கள் மாத்திரையைப் பார்த்து வெட்கமில்லை, உங்களுக்குத்தான் வெட்கம்" என்று மட்டும் சொன்னாள்.

மீதியிருப்பவை

மீதியிருப்பவற்றை இன்று மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு முன்கைகளிலும் எரிச்சல் உண்டு. அம்மியில் மிளகாய் அரைத்த கை எப்படி எரியுமோ, அப்படி. மிளகாய் எரிச்சல் மாலைக்குள் அடங்கும், இது அடங்குவதில்லை. மின்விசிறியின் காற்று பட்டாலே சில இரவுகளில் முள் தைப்பதுபோல் இருக்கும். தோலில் குற்றமில்லை, செய்தி கொண்டுபோகிற நரம்பு தவறான செய்தியைக் கொண்டுபோகிறது. ஆகவே சாதாரண வலி மாத்திரை இதற்கு அதிகம் உதவாது; நரம்பு வலிக்கென்று வேறு மருந்துகள் உண்டு. அவையும் வலியைத் தணிக்குமேயன்றி முற்றிலும் எடுத்துப்போடுவதில்லை.

விரல்களுக்கு நுண்ணிய வேலை வராது. சட்டைப் பொத்தானை என் மனைவி போட்டுவிடுகிறாள். வேதாகமத்தின் மெல்லிய தாளை ஒவ்வொன்றாகப் புரட்ட முடியவில்லை; நான்கைந்து பக்கங்கள் சேர்ந்தே வருகின்றன. பிரசங்க மேடையில் வசனத்தைத் தேடி நான் தடுமாறும்போது, எங்கள் ஓய்வுநாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி எழுந்துவந்து பக்கத்தைப் புரட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். திருவிருந்தின் பாத்திரத்தை இப்பொழுது இரண்டு கைகளாலும் பிடிக்கிறேன். பக்கத்தில் ஒரு மூப்பர் நிற்கிறார்.

மார்கழிக் குளிரில், பெங்களூரின் அதிகாலையில், கால்கள் இறுகிக்கொள்ளும். சிறுநீர் வருகிறது என்று தோன்றினால் காத்திருக்க அவகாசமில்லை. மூன்று மணி நேர ஆராதனையில் நான் இடையே எழுந்து போவதற்குக் காரணம் இதுவே. குளிக்கும் வெந்நீரின் சூட்டை என் பாதங்கள் சரியாக அறியா. மனைவி கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றிக்கொள்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை வெளியே தெரிவதில்லை. நடக்கிறவனைப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்கிறார்கள். அதுவும் ஒரு பாரம்.

ஒரு சகோதரியின் கேள்வி

என் சாட்சியைக் கேட்ட கூட்டத்தில் ஒரு சகோதரி இருந்தாள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சென்ட்ரிங் வேலை செய்த அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுக் கிடந்தார். சில மாதங்கள் கழித்து அவள் என்னிடம் வந்து, "ஐயா, உங்களுக்கு ஆண்டவர் பூரண சுகம் கொடுத்தாரே, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் கொடுக்கல? எங்க விசுவாசம் பத்தலையா, இல்ல ஏதாவது பாவமா?" என்று கேட்டாள்.

அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். என் சாட்சியைக் கேட்ட நாள்முதல் அவர்கள் பயிற்சிகளை விட்டுவிட்டார்கள். சக்கர நாற்காலி வாங்கினால் அவிசுவாசம் என்று வாங்கவில்லை. இன்றோ நாளையோ எழுந்துவிடுவார் என்று, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இடுப்புக்குப் பின்னே உள்ளங்கை அகலத்திற்குப் படுக்கைப்புண். அந்த வாடை இன்றும் என் நாசியில் இருக்கிறது.

பிரியமானவர்களே, முதல் உலகப்போரில் தண்டுவடம் காயமுற்ற போர்வீரரில் பெரும்பாலோர் மாண்டது காயத்தினால் அல்ல. படுக்கைப்புண்ணினாலும் சிறுநீர்த் தொற்றினாலுமே. 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லூத்விக் குட்மன் என்ற மருத்துவர், இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளிகளைப் புரட்டவேண்டும் என்று ஏற்படுத்திய ஒழுங்கு எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அந்தக் காவலைத்தான் என் ஒரு வார்த்தை அந்த வீட்டிலிருந்து எடுத்துப்போட்டது.

அந்தச் சகோதரியிடம், "அம்மா, உன் விசுவாசத்தில் குறைவில்லை. என் சாட்சியில்தான் கூடுதல் இருந்தது" என்றேன். அன்றே அவரை மருத்துவமனையில் சேர்த்தோம்.

நமக்கு முன் சென்றவர்கள்

அந்நாட்களில் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வாழ்க்கையை நினைத்துக்கொண்டேன். 1954 ஜனவரியில், இளம் மருத்துவராக இருந்தபோது, வாகன விபத்தில் அவர் தண்டுவடம் காயமுற்றது. மீண்டும் நடக்கவில்லை. ஆனாலும் டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கால்கள் திரும்பவில்லை, அழைப்பு திரும்பியது.

நம் பெங்களூரிலேயே நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரி தேர்வுக்காக இங்கு வந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், உடற்திறன் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரே 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகள் அங்கே பயனடைந்திருக்கிறார்கள். 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஸ்ரீராம்புரத்திலிருந்து வெகு தூரமில்லாத ஓரிடத்தில் விழுந்த வாலிபன், தென்காசியில் அநேகரை எழுப்பினான்.

வேதம் மறைக்கவில்லை

நான் மறைத்ததை வேதம் மறைக்கவில்லை. யாக்கோபு ஆசீர்வாதத்தையும் பெற்றான், தொடைச்சந்து சுளுக்கி நொண்டியும் நடந்தான். இரண்டும் ஒரே இரவில் நடந்தன. மேவிபோசேத் இரண்டு கால்களும் முடமானவனாகவே ராஜாவின் பந்தியில் அமர்ந்தான். பவுல் தன் மாம்சத்தின் முள்ளைக் குறித்து மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை என்பதைச் சபைக்கே எழுதிவைத்தான். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததையும் ஒளிக்கவில்லை. பெத்சாயிதாவின் குருடன் முதல் தொடுதலுக்குப் பிறகு என்ன தெரிகிறது என்று கேட்கப்பட்டபோது, மனிதர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னான். இயேசுவே எதிரில் நின்றபோதும் அவன் "பூரணமாகத் தெரிகிறது" என்று பொய் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னதால்தான் இரண்டாம் தொடுதலுக்கு இடமிருந்தது.

கர்த்தர் சுகமளிக்கிறவர் என்பதை இன்றும் பிரசங்கிக்கிறேன். ஒன்பதாம் வாரம் நடந்தவன் அதை எப்படி மறுப்பேன்? ஆனால் பெற்றதை அளந்து சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

சபைகளுக்குச் சில வார்த்தைகள்

உங்கள் சபையிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். ஜெபித்தபின் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதிருங்கள். "இன்னுமா வலிக்கிறது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். உணர்வற்ற இடங்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி குடும்பத்தாருக்கு நினைவூட்டுங்கள். சிவந்து கறுத்தால் அந்த இடத்தின்மேல் பாரம் படாதபடி செய்து, தாமதமின்றி மருத்துவரிடம் காட்டவேண்டும். சிறுநீரைக் குழாய் மூலம் வெளியேற்றுகிறவருக்கு ஒரு தனியறையும் சுத்தமான தண்ணீரும் கொடுப்பது பெரிய ஊழியம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அடையாள அட்டை பெற உதவுங்கள். 1959இல் தொடங்கப்பட்டு நம் நகரின் லிங்கராஜபுரத்தில் இயங்கும் அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசபிலிட்டி என்ற நிறுவனம், தண்டுவடக் காயமுற்றோரின் மறுவாழ்வுக்கும் பணிசெய்து வருகிறது. அங்கே அழைத்துச்செல்வது அவிசுவாசமல்ல.

அந்த ஞாயிறு

படுக்கைப்புண்ணைக் கண்ட வாரத்தின் ஞாயிறு, பிரசங்கத்திற்குப் பதிலாக நான் என் சாட்சியைத் திருத்திச் சொன்னேன். எரிச்சலையும் மாத்திரையையும் பொத்தானையும் சொன்னேன். தள்ளாட்டத்தையும் சொன்னேன். சபை நெடுநேரம் அமைதியாயிருந்தது. ஒரு குடும்பம் அதன்பின் வரவில்லை. அதுவும் என் பங்கு.

அந்தச் சகோதரரின் புண் ஆற ஏழு மாதங்கள் ஆயின. அவர் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து, வீட்டு வாசலில் கைப்பேசி பழுதுபார்த்துக் குடும்பத்தைக் காக்கிறார். எங்கள் ஜெபவீடு மாடியில் இருப்பதால், நான்கு வாலிபர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். "கப்பர்நகூமில் நடந்ததுபோல" என்று நான் மகிழ்ந்தபோது அவர், "ஐயா, வாராவாரம் என்னைத் தூக்கணுமா? ஒரு நாளாவது கீழே கூடலாமே" என்றார். இப்பொழுது வெள்ளிக்கிழமை ஜெபம் தரைத்தளத்தில், அவர் வீட்டு முற்றத்தில் நடக்கிறது.

முதலில் என் கைகளைப் பற்றிக்கொண்ட அந்த மூத்த சகோதரர், இப்பொழுது நான் கண்மூடி ஜெபிக்கும்போது ஒன்றும் சொல்லாமல் வந்து என் இடப்பக்கம் நின்று, முழங்கையைத் தாங்கிக்கொள்கிறார். நான் தள்ளாடுகிறேன், விழுவதில்லை.

வெளியே தெரியாத வலியோடு இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உள்ளதை உள்ளபடி சொல்ல உங்களுக்குப் பெலனும், அதைத் தாங்க ஒரு கரமும் கர்த்தர் தந்தருள்வாராக. ஆமென்.