எண் மாறிய பெட்டி

கோயம்புத்தூர் அவினாசி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தக் கூடம். அங்கே சில இளைஞர்கள், நூற்பாலைகளில் மாட்டும் கண்காணிப்புப் பெட்டிகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் கட்டுகிறார்கள். உள்ளங்கை அகலப் பெட்டி, உள்ளே ஏஆர்எம் சிப். ரிங் ஃபிரேம் பக்கத்தில் மாட்டிவிட்டால் நூல் அறுந்த கணக்கை இரவும் பகலும் எழுதிக்கொண்டிருக்கும்.

நான் போனபோது ஒரு பெட்டி மில்லிலிருந்து திரும்பி வந்து மேஜையில் கிடந்தது. புது மென்பொருள் ஏற்றியதிலிருந்து அது கணக்கெழுதவில்லை. சீரியல் கேபிளைச் செருகிப் பார்த்தால், 'பெர்மிஷன் டினைட்' என்று ஒரே வரி ஓடியது. அதே மென்பொருளைப் புத்தம் புதுப் பெட்டியில் போட்டால் ஒரு குறையும் இல்லை.

"புதுசுல ஓடுது, பழசுல ஓடலீங்க. இதுதான் தலைவலி" என்றார் குழுவில் மூத்தவர்.

அவர்கள் பயன்படுத்துவது யோக்டோ. லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2010-இல் தொடங்கிய திட்டம். அதற்கு அடித்தளமான ஓப்பன்எம்பெடெட் இன்னும் பழையது. எல்ஜி தொலைக்காட்சிகளில் ஓடும் வெப்ஓஎஸ் கூட அந்த வழியில் வந்ததுதான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு ரெசிபி இருக்கும். பிட்பேக் என்ற கருவி அவற்றைப் படித்து, மூல நிரலிலிருந்தே எல்லாவற்றையும் கம்பைல் செய்து, பேக்கேஜ்களாகக் கட்டும். கடைசியில் ஒரு காலிக் கோப்புறையில் அந்த பேக்கேஜ்களை நிறுவி, பெட்டிக்குப் போக வேண்டிய இமேஜாக்கும். நிறுவல் நடப்பது பெட்டியில் அல்ல, மூலையில் விசிறி இரைந்துகொண்டிருந்த கணினியில். பெட்டிக்குப் போவது அதன் விளைவு மட்டுமே.

சிக்கல் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது. இந்தப் பதிப்பில் கணக்கை வெளியே அனுப்ப மொஸ்கிட்டோ என்ற சர்வரையும், தாங்களே எழுதிய அனுப்பும் பேக்கேஜ் ஒன்றையும் சேர்த்தார்கள். அந்த பேக்கேஜின் போஸ்ட்-இன்ஸ்ட், அதாவது நிறுவி முடித்ததும் ஓடும் ஸ்கிரிப்ட், ஒரு கோப்புறையைக் கணக்கெழுதும் பயனரின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். அந்தப் பயனரை உருவாக்குவது வேறொரு பேக்கேஜ். அது இன்னும் நிறுவப்படவில்லை. 'இன்வேலிட் யூசர்' என்று பில்ட் நின்றுவிட்டது.

குழுவில் சேர்ந்து அதிக நாளாகாத பெண் ஒருவர் அதைச் சரிசெய்த கதையை அவரே சொன்னார். "முதல்ல இமேஜ் லிஸ்ட்ல பேரை மேல தூக்கி வெச்சுப் பார்த்தேனுங்க. ஒண்ணும் ஆகல."

ஆகாதுதான். அந்தப் பட்டியல் எவையெல்லாம் வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. வரிசையை முடிவு செய்வது பேக்கேஜ் மேனேஜர், அதுவும் சார்புகளை வைத்து. அடுத்து அவர் ரெசிபியில் 'டிபெண்ட்ஸ்' வரியைச் சேர்த்தார். அது கம்பைல் செய்யும்போது தேவைப்படுவதைக் குறிப்பது, நிறுவலுக்குப் பொருந்தாது. 'ஆர்-டிபெண்ட்ஸ்' எழுதிய பிறகுதான் பில்ட் ஓடியது. யோக்டோவுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. பெயர்களில் ஒரே எழுத்து வித்தியாசம் வைத்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

முந்தைய பதிப்பு வரை அவர்கள் ஐபிகே வடிவத்தில் பேக்கேஜ் கட்டினார்கள், இப்போது ஆர்பிஎம். ஐபிகே-யின் கருவி எல்லாவற்றையும் விரித்துவைத்த பிறகே போஸ்ட்-இன்ஸ்ட் ஸ்கிரிப்ட்களை ஓட்டும். பயனரை உருவாக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆர்பிஎம் ஒவ்வொரு பேக்கேஜாக நிறுவி, உடனுக்குடன் அதன் ஸ்கிரிப்டையும் ஓட்டும். பழைய வடிவத்தில் மறைந்திருக்கக்கூடிய குறை, புதியதில் பல்லைக் காட்டிவிட்டது. இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றையொன்று சார்ந்து வட்டமடித்தால் ஆர்பிஎம் அந்த வட்டத்தை எங்கோ ஓரிடத்தில் அறுக்கும். அப்போது எழுதிய சார்பும் வரிசைக்கு உத்தரவாதம் ஆகாது.

சரி, பில்ட் ஓடியது, மில்லுக்கும் போனது. பிறகு பெட்டி ஏன் நின்றது?

மூத்தவர் பில்ட்ஹிஸ்டரியைத் திறந்தார். ஒவ்வொரு இமேஜிலும் என்ன இருந்தது என்று கிட்-டில் பதிந்துவைக்கும் வசதி அது. பயனர் எண்கள் இருக்கும் கடவுச்சொல் கோப்பையும் குழுக்கள் கோப்பையும் இயல்பாகவே சேமித்துவைக்கும். இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுக் காட்டினார். பழைய இமேஜில் கணக்கெழுதும் பயனரின் எண் 998. புதியதில் 998 மொஸ்கிட்டோவுக்குப் போய், கணக்கெழுதுபவர் 997 ஆகியிருந்தார்.

லினக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அறியாது, எண்ணால்தான் அறியும். இதுபோன்ற சிஸ்டம் பயனர்களுக்கு எண் குறிப்பிடாமல் விட்டால், 999-லிருந்து கீழ்நோக்கி, உருவாகும் வரிசையிலேயே எண் விழும். லாட்ஜில் வந்த வரிசைப்படி அறை கொடுப்பது போல. இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் கணக்குகள் இருக்கும் தரவுப் பகுதி அழியாமல் இருக்கும். அங்கே பழைய கோப்புகள் 998-இன் பெயரில் கிடக்க, உள்ளே போன 997-க்கு அனுமதி இல்லை. புதுப் பெட்டியில் தரவுப் பகுதியே புதிது, அதனால் அது தப்பித்தது.

"ஆர்டர் மாறுனா பில்ட் ஃபெயில் ஆனாக்கூடப் பரவால்லீங்க. பாஸ் ஆகிப் போறதுதான் வினை" என்றார் அவர்.

அனுப்பும் பேக்கேஜின் போஸ்ட்-இன்ஸ்டையே அவர் நீக்கிவிட்டார். அதன் ரெசிபியும் பயனரை உருவாக்கும் யூசர்-ஆட் வகுப்பைச் சேர்த்துக்கொண்டு அதே பயனரை அறிவித்தால், கோப்புறை உரிமையை, கம்பைல் முடிந்ததும் ரெசிபிக்குள்ளேயே வரும் நிறுவல் படியில் மாற்றிவிடலாம். போஸ்ட்-இன்ஸ்ட் என்பது வேறு வழியே இல்லாதபோது எழுத வேண்டியது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். சிலர் அதைப் பெட்டி முதல்முறை இயங்கத் தொடங்கும் நேரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ரூட் கோப்பமைப்பு எழுத முடியாததாக இருந்தால் அதற்கும் வழியில்லை, பில்ட் அங்கேயே மறுத்துவிடும்.

எண் சிக்கலுக்கு, யோக்டோவில் இருக்கும் யூசர்-ஆட்-ஸ்டாட்டிக்-ஐடிஸ் வகுப்பை இயக்கினார். பயனருக்கு என்ன எண் என்று ஒரு அட்டவணையில் எழுதிவைத்தால் போதும், எந்த பேக்கேஜ் முன்னே நிறுவப்பட்டாலும் எண் மாறாது. அட்டவணையில் இல்லாத பயனர் வந்தால் பில்டை நிறுத்தும்படியும் வைக்கலாம். அவர் அப்படித்தான் வைத்தார்.

புதுப்பித்தலில் தரவு தங்கும் பெட்டி எதையாவது நீங்கள் கட்டுகிறீர்கள் என்றால், முதல் பெட்டி வெளியே போவதற்கு முன்பே இந்த அட்டவணையை எழுதிவிடுங்கள். ஏற்கெனவே போய்விட்டதென்றால், களத்தில் இருக்கும் எண்களையே அதில் எழுதுங்கள்.