கூரையும் சோறும்

காவிரிப் பாசனத்து ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கென்று தனிக் கட்டடம் வந்தது பிற்காலத்தில்தான். அதற்கு முன் பள்ளிக்கூடம் என்றால் திண்ணை. வீட்டுக்காரர் இடம் கொடுப்பார், வாத்தியார் வந்து உட்காருவார், அறுவடை முடிந்ததும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து நெல் போகும். கூரை ஒருவருடையது, சோறு இன்னொருவருடையது. அன்று முதல் இன்று வரை கிராமத்துப் பள்ளி நிற்பது இந்த இரண்டின் மேல்தான்: தலைக்கு மேல் கூரை, வயிற்றுக்குச் சோறு.

திண்ணைப் பள்ளிகள் அப்போது குறைவாக இல்லை. 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டம் மாவட்டமாக நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து போன கணக்கில் 884 பள்ளிகள் இருந்தன. அவற்றில் படிப்பு எப்படி நடந்தது என்பதை, பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். மணலில் விரலால் எழுதிப் பழகி, கை படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும்.

ஆனால் அந்தத் திண்ணை எல்லோருக்கும் இடம் கொடுக்கவில்லை. பெண் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவே. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பண்ணையாட்களின் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள். வாத்தியாருக்குப் போன நெல்லை விளைவித்த வீட்டுப் பிள்ளைக்கே அந்தப் படிப்பு இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

பிள்ளைக்குப் படிப்போடு சோறும் போட வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில், ஒரத்தநாட்டில், இரண்டாம் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பெயரில் ஒரு சத்திரம் கட்டினார். வழிப்போக்கருக்குச் சோறு போட்ட தஞ்சைச் சத்திரங்களில் வாத்தியாரும் உண்டு. 1801-ல் ஆங்கில அதிகாரிக்கு மன்னர் எழுதிய கடிதத்தில், சத்திரத்துக்கு வந்து சேரும் அனாதைப் பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விடுவதாகவும், மூன்று வேளைச் சோறும் நான்கு நாளைக்கு ஒரு தரம் எண்ணெய்க் குளியலும் உண்டு என்றும் சொல்கிறார். ஒரத்தநாட்டுச் சத்திரக் கட்டடம் பிற்காலத்திலும் மாணவர்களுக்குப் பயன்பட்டது.

அரண்மனைக் கொடையாக இருந்தது பொதுத் திட்டமாக மாறியது காமராஜர் காலத்தில். 1956-ல் மதிய உணவு தொடங்கியபோது ஊர்க்காரர்கள் தானியமும் காய்கறியும் பணமும் கொடுத்தார்கள். அடுத்து வந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று அவரவர் சக்திக்குத் தந்தார்கள். 1960 வாக்கில் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்து, கிராமப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயர்ப் பலகை அப்படி வந்ததுதான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். 2023 ஆகஸ்ட் 25 அன்று, காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கும் விழா திருக்குவளையில், ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நடந்தது.

சோறு இப்படி வளர்ந்த அளவுக்குக் கூரையை யாரும் கவனிக்கவில்லை. டெல்டாவில் கூரை என்றால் மூங்கிலும் தென்னங்கீற்றும். கையருகே கிடைக்கும், செலவு குறைவு, வெயிலுக்குக் குளிர்ச்சி. வீட்டுக்கு அது சரி. இருநூறு பிள்ளைகள் உட்காரும் மாடிக்கு அது சரியா என்று கேட்க ஆளில்லை.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளி. மதிய உணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் கீற்றின் கீழ் இருந்தவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள். இறங்கும் படிக்கட்டு குறுகல். 94 குழந்தைகள் போய்விட்டார்கள். பிள்ளைக்குச் சோறு ஆக்கிய அடுப்பின் தீயே பிள்ளையின் தலைக்கு மேல் இருந்த கூரையைப் பிடித்தது. அதன் பிறகுதான் தமிழகப் பள்ளிகள் எல்லாவற்றிலும் கீற்றுக் கூரையை அகற்ற உத்தரவு வந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் தீப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்று கிராமப் பள்ளியில் காணும் கான்கிரீட் கூரைக்கும், தள்ளி நிற்கும் சமையல் கூடத்துக்கும், சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பானுக்கும் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த உறுதியான கூரை ஊருக்கும் உதவுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் குடிசையையும் சாய்த்தபோது, குடும்பங்கள் போய்த் தங்கிய இடங்களில் பள்ளிக்கூடமும் ஒன்று.

இப்போது கூரை உண்டு, சோறும் இரண்டு வேளை உண்டு. பிள்ளைகள்தான் குறைந்து வருகிறார்கள். வீட்டுக்கு ஒன்று இரண்டு பிள்ளை என்றாகிவிட்டது. காவிரியில் தண்ணீர் பொய்த்த ஆண்டுகளில் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன குடும்பங்கள் சில திரும்பவில்லை. இருக்கும் பிள்ளைகளையும் காலையில் தனியார் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போகிறது. மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் பள்ளியும் திறக்கிறது. விதை நெல்லுக்கும் உழவு கூலிக்கும் ஒதுக்கிய பணத்தில் வேன் கட்டணமும் போகிறது. 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளைத் தமிழக அரசு நூலகமாக்க முடிவு செய்தது.

பள்ளி மூடினால் முதலில் அடிபடுவது வேனுக்குக் காசில்லாத வீடு. ஆறு வயதுப் பிள்ளை பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் கரை எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்வது இதனால்தான். மாடு மேய்க்கப் போன பிள்ளையின் பேரப்பிள்ளைக்கு இன்று பள்ளியில் இடம் இருக்கிறது. அந்த இடத்தை இழந்தால் மீண்டும் பெறுவது சுலபமல்ல.

அதே 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும். மழைக்கு எந்த வகுப்பறை ஒழுகுகிறது? சமையல் கூடத்தில் அடுப்பும் எரிவாயு உருளையும் பாதுகாப்பாக இருக்கின்றனவா? இந்த ஜூனில் ஊரில் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இங்கே சேர்ந்திருக்கிறார்கள்? முதல் இரண்டுக்கும் ஒன்றியத்தில் மனு கொடுக்கலாம். மூன்றாவதற்கு வீடு வீடாகத்தான் போக வேண்டும். நாற்றங்கால் வேலை தொடங்கும் முன் போய்விடுவது நல்லது.