உடைந்த ஊசியும் ஒரு சர்க்கரை மாத்திரையும்

சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலிலிருந்து தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, அம்மாகிட்ட சொல்லாதே" என்றுதான் ஆரம்பித்தாள்.

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம். அன்று வார்டு டியூட்டியில் ஒரே பெயரில் இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒருவருக்கான சர்க்கரை மாத்திரையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டாள். "எனக்குச் சக்கரையே இல்லியே கண்ணு" என்று அந்தம்மா கேட்டதால் தப்பித்தது. சர்க்கரை இல்லாதவர் சாப்பிட்டிருந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம் வரைக்கும் போயிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டு விழும் என்று அழுதாள்.

'பேசாம விட்டுடு' என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது.

போன் ஸ்பீக்கரில் இருந்ததை மறந்துவிட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில் பல வருஷமாக நிற்கும் அம்மா, உள்ளேயிருந்து வந்தார்.

"எங்க கம்பெனில தைக்கறப்ப ஊசி உடைஞ்சா துண்டு அத்தனையும் பொறுக்கி, நோட்டுல ஒட்டி, தேதி, மெஷின் நம்பர் எழுதோணும். அப்பறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கெடைக்கலைன்னாலும் அந்தக் கட்டு வெளிய போகாது. கொழந்தை போடற துணி பாரு. டெய்லரைத் திட்டமாட்டாங்க. திட்டுனா அடுத்த தடவை மறைச்சுருவாங்கல்ல?"

எல்லாக் கம்பெனியிலும் திட்டமாட்டார்களா என்பது வேறு கதை. ஆனால் அம்மா சொன்னதைத்தான் 1999-ல் அமெரிக்காவில் வந்த 'டு எர் இஸ் ஹியூமன்' அறிக்கையும் சொன்னது. மருத்துவமனைத் தவறுகளால் அங்கே வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாகக் கணக்கிட்டு, ஆளைத் தண்டிப்பதைவிட வேலை நடக்கும் முறையைத் திருத்தச் சொன்னது. 2005-ல் நர்சிங் படிப்புக்கென்றே 'கியூசென்' திட்டம் அங்கே தொடங்கியது. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்திலும் பத்து முக்கியத் திறன்கள் உண்டு. பாதுகாப்பு, தர மேம்பாடு இரண்டும் அதில் இருக்கின்றன.

கூகுளில் தேடி இதையெல்லாம் தங்கச்சியிடம் பெருமையாக வாசித்தேன். "பரீட்சைக்கு எழுதியிருக்கேன்க்கா" என்றாள்.

திங்கட்கிழமை மேடத்திடம் சொல்லிவிட்டாள். "திட்டுனாங்களா?"

"அஞ்சு நிமிஷம். அப்புறம் அவங்களே வந்து ஒரு அம்மாவோட கட்டிலை மாத்தி, ரெண்டு கேஸ் ஷீட்லயும் சிவப்பு மையில எழுதி வெச்சாங்க."

அம்மா குறுக்கே புகுந்தார். "உனக்கு எந்த நோட்டுல எழுதச் சொன்னாங்க?"

"நோட்டெல்லாம் இல்லம்மா."