பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்து

ஜூன் 3, 2024
மில் கேட்டில் மூடல் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். டைம் ஆபீஸில் எல்லாருக்கும் சம்பளம் போட்டவள் நான். கடைசிப் பட்டியலில் என் பெயரையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். வயது 46.

ஜூன் 9
உறவில் ஒரு சீர். ஆளுக்கொரு தொழில் சொன்னார்கள்: தையல், எல்.ஐ.சி. ஏஜென்சி, மாவு அரைத்து விற்பது. டேலி படிக்கச் சொன்னார் ஒருவர். இத்தனை காலம் அதில்தானே குப்பை கொட்டினேன்! "வக்கீலுக்குப் படிக்கலாம்னு இருக்கேன்" என்றேன். பேச்சு நின்றுவிட்டது. அதுவரை அப்படியொரு எண்ணம் எனக்கே இருந்ததில்லை.

ஜூன் 20
மருதமலை சாலை அரசு சட்டக் கல்லூரிப் பக்கம் விசாரித்தேன். மூன்று வருட எல்.எல்.பி.க்கு என் பி.காம். போதும், வயது தடையில்லை. ஆனால் மாலை வகுப்பு கிடையாது. படித்து முடித்தபின் அகில இந்திய பார் தேர்வு வேறு. வக்கீலாகப் பதிந்துவிட்டால் முழுநேரச் சம்பள வேலைக்குப் போகக்கூடாது. ஆக, படிக்கும்போதும் வரும்படி இல்லை, அப்புறமும் சீனியர் பார்த்துக் கொடுப்பதுதான். பிளஸ் டூ படிக்கும் மகள், "ஒண்ணா காலேஜ் போலாம்மா" என்று சிரிக்கிறாள். அவள் அப்பா, வீட்டுக் கடன் இன்னும் எத்தனை தவணை என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா என்ன?

ஜூன் 21
வேண்டாம்.

ஜூலை 8
மில்லில் கோன் வைண்டிங் பார்த்த அக்கா வந்தார். "அம்மிணி, இதைக் கொஞ்சம் பாருங்க." கிராஜுவிட்டித் தாள். கடைசிச் சம்பளம் 14,300. பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்தால் வருடத்துக்கு 8,250. 22 வருடத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அவர் வேலை பார்த்ததோ 22 வருடம் 7 மாதம். 1972ஆம் வருடச் சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடக் கணக்கு. 23 என்றால் 1,89,750 வர வேண்டும். மனு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் கோபம்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, தேதிகளையும் தொகையையும் மட்டும் வைத்து எழுதினேன். சாப்பிட மறந்துபோனது ராத்திரிதான் தெரிந்தது.

ஜூலை 15
இன்னும் சிலர் தாள்களோடு வந்தார்கள். வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

ஜூலை 31
வக்கீலாகப் பதிய, பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று நேற்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேப்பரை வாசித்துக் காட்டியவர் வீட்டுக்காரர்தான். சம்மதமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10
மனு கொடுத்து 30 நாளுக்கு மேலாகிறது, மில்லிலிருந்து பதில் இல்லை. இனித் தொழிலாளர் துறையிடம்தான் போக வேண்டும். திங்கட்கிழமை பத்தரைக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 16,000 சம்பளம் தருகிறார்களாம், திங்கட்கிழமையே சேரச் சொல்கிறார்கள். அவர்களிடமும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.