மறதியும் வினா அட்டைகளும்

ஞாபகசக்தி சிலருக்கு மட்டுமே வாய்த்த வரம் என்று எண்ணுவோர் பலர். அப்படியல்ல என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு கண்டுகொண்டோம்.

எபிங்கௌஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளை மனனம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்று தம்மிடமே சோதித்து, 1885இல் நூலாக வெளியிட்டார். அறிஞருக்கே மறதி உண்டெனில் நமக்கு வெட்கம் எதற்கு? இடைவெளி விட்டுப் படித்தால் நினைவு நிலைக்கும் என்பதும் அவர் கண்டதே.

இம்முறையில் இயங்குவதே 2006இல் தோன்றிய 'அன்கி' என்னும் செயலி. ஜப்பானிய மொழியில் இதற்கு மனப்பாடம் என்று பொருள். திரையில் வினா அட்டை தோன்றும்: "வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு எது?" மனத்துக்குள் 1806 என்று சொன்ன பின்னரே விடையைத் திறக்க வேண்டும். தெரிந்த அட்டை சில நாள் கழித்தும், பின்னர் சில வாரம் கழித்தும் வரும். மறந்த அட்டை அன்றே திரும்பி வரும்.

தெரிந்ததா, மறந்ததா என்று சொல்ல வேண்டியவர் நாமே. பொய் சொன்னால் கண்டிக்க அங்கே ஆசிரியை இல்லை. மனச்சாட்சி ஒன்றுதான் உண்டு.

'மறதிக்காரி' என்று பெயர் வாங்கிய எங்கள் தோழி ஒருத்தி, மறந்ததை மறந்ததென்றே நாள்தோறும் குறித்து வந்தாள். இன்று வரலாற்று ஆண்டுகளில் ஐயம் எழுந்தால் நாங்கள் கேட்பது அவளைத்தான்.

தோழியரே, கைப்பேசி இல்லையே என்று வருந்த வேண்டாம். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டிப் பின்புறம் எழுதினாலும் போதும். நாள் தவறாத முயற்சியும் உண்மையும் இருந்தால் இறையருள் துணை நிற்கும்.